சின்யோராவின் தட்டைத் தாச்சி

என் சமையலில் அதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். இதை எழுதுவதற்கே எழுத்தெழுத்தாகக் கூட்டவேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு கறியின் வாசத்தை வாசற்படியில் நின்றே பிடித்து, உப்புக் காணாது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னை, பலெர்மோவில் ஒரு மத்தியானம், பன்னிரண்டு பேர் இருந்த மேசையில் வைத்து, சோற்றை அடிப்பிடிக்க விட்டவள் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் நான் ஸ்பெயினுக்குப் போனேன். கூட வந்தவர்கள் ஊர் பார்க்கப் போகிறோம் என்று நினைத்தார்கள். ஊரும் பார்த்தேன்தான்.

முதலில் தாச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் வேலை செய்த வீட்டுச் சின்யோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, ஏழு வயதுவரை வலென்சியாவில் வளர்ந்தவர். தகப்பனுக்கு அங்கே ஒரு கப்பல் கந்தோரில் வேலை. திரும்பி வரும்போது அவர்கள் கொண்டுவந்த சாமான்களில் அந்தத் தாச்சியும் ஒன்று. வண்டிச்சில்லு அகலம், இரண்டு விரல் ஆழம், இரண்டு பக்கமும் கைபிடி. அதில் பயேயா என்ற மஞ்சள் சோறு சமைக்கவேண்டும். சின்யோராவுக்கு முட்டை அவிக்கவும் வராது. ஆனால் குசினி வாசலில் நின்று சொல்லத் தெரியும்: குங்குமப்பூ போடு, இறால் போடு, மட்டி போடு, மணம் இப்படி இருக்கவேண்டும், நிறம் அப்படி இருக்கவேண்டும். நான் பல்லரோச் சந்தையில் விடியவே போய் இறாலும் மட்டியும் வாங்கி, அவர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, என் கைக்கு வந்தபடி சமைத்தேன். ஏழு வருடம் அந்த வீட்டு விருந்து என்றால் அந்தச் சோறுதான். விருந்துக்கு வந்தவர்கள் குசினிக்கு வந்து என் கையைக் குலுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதில் ஒரேயொரு கரைச்சல் இருந்தது. எப்படிச் சமைத்தாலும் அடியில் பிடிக்கும். நாங்கள் சோறு வடித்துப் பழகியவர்கள். கொதித்து, கஞ்சி வடித்து, பானையைச் சரித்து வைத்தால் ஒரு பருக்கையும் ஒட்டாது. அடிப்பிடித்தது என்றால் அடுப்பை மறந்து வேலியோடு நின்று கதைத்தவள் என்றுதான் பெயர். அதனால் மேலே இருந்த சோற்றை மாத்திரம் அழகாகப் பெரிய தட்டில் வழித்துப் போட்டு மேசைக்கு அனுப்பிவிட்டு, தாச்சியைக் குசினிக்குள்ளேயே ஒளித்துவிடுவேன். அடியில் இருந்த பொன்னிறச் சோற்றைக் கத்தியால் சுரண்டி, நின்றபடி நானே தின்றுவிடுவேன். சொன்னால் என்ன, எனக்கு அது நல்ல விருப்பம். கொஞ்சம் மிளகாய்த்தூள் தூவினால் இன்னும் விருப்பம். பிறகு தாச்சியைத் தண்ணீரில் ஊறப் போடுவேன். ஊறித்தான் மிச்சம் கழலும்.

அந்த ஈஸ்டர் விருந்தில் சின்யோராவின் மச்சாள், புருசனின் தங்கை, முதல் வாய் வைத்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"எரிஞ்ச மணம் வருது. உன்ரை சிலோன்காரி சோத்தை அடிப்பிடிக்க விட்டிட்டாள்."

இத்தாலியனில்தான் சொன்னார். தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் நின்ற எனக்கு விளங்காது என்று நினைத்திருப்பார். எல்லோரும் போனபிறகு சின்யோரா குசினிக்கு வந்து, தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருந்த தாச்சியைப் பார்த்தார்.

"நவம்பரிலை என்ரை மனுசனுக்கு எழுபது வயசு. அண்டைக்குச் சாப்பாடு வெளியிலை சொல்லி எடுப்பம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூடுதலாகச் சுட்டது. அடுத்த நாள் தாச்சி அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது.

பல்லரோச் சந்தைப் பக்கம், அல்பெர்கேரியாவில் நாலாம் மாடியில் என் அறை. அங்கே ஒரு சின்னத் தாச்சி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பத் திரும்பச் சமைத்துப் பார்த்தேன். கிண்டினால் பொங்கல். தண்ணீரைக் கூட்டினால் கஞ்சி. சும்மா விட்டால் அடி பிடித்தது. ஸ்பெயின்காரிகள் இதை எப்படி அடிப்பிடிக்காமல் சமைக்கிறார்கள்? அதைக் கண்டுபிடிக்காமல் நவம்பர் வந்தால், வேறு யாரோ சமைத்த சாப்பாட்டை நான் தூக்கிக்கொண்டு போய் அந்த மச்சாளுக்குப் பரிமாறவேண்டும். அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு இரண்டு சிநேகிதிகள். ஒருத்தி கீழ்மாடியில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள், வாயும் பத்து மடங்கு. மற்றவள் மொரீசியஸ்காரி. அவளுடைய முன்னோர் தமிழர். அவளுக்குத் தேவாரம் பாட வரும், தமிழ் கதைக்க அரைவாசிதான் வரும். மிச்சத்தை இத்தாலியனில் நிரப்புவாள். மூன்று பேரும் வீட்டு வேலைதான். தொண்ணூறுகளின் கடைசி அது. இத்தாலியில் இருக்க அனுமதிக்கிற பெர்மெஸ்ஸோ கையில் இருந்தால் ஸ்பெயினுக்கு விசா எடுக்கத் தேவையில்லை என்று மொரீசியஸ்காரிதான் கேள்விப்பட்டு வந்தாள்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் போய் ஞாயிறு திரும்பலாம். பார்சலோனா?" என்றாள்.

"வலென்சியா," என்றேன் நான்.

"அங்கை என்னக்கா கிடக்கு?" என்றாள் கீழ்வீட்டுக்காரி.

"சோறு."

"சோத்துக்கு ஏன் பிளேன் ஏறுவான்? வாங்கோ, நான் அவிச்சுத் தாறன்."

பிறகு விசயத்தைச் சொன்னேன். சிரித்தார்கள். சிரித்துவிட்டு வந்தார்கள்.

சனிக்கிழமைக்கு லீவு கேட்டபோது, எங்கே போகிறாய் என்று சின்யோரா கேட்டார். சொன்னேன். "அங்கை ஆரஞ்சுத் தோடை மரங்கள் பூக்கேக்கை மணம் வரும்," என்றார். இருவருமே தாச்சிப் பேச்சு எடுக்கவில்லை.

ரோமில் இறங்கி வேறு விமானம் ஏறி, வெள்ளி இரவு போய்ச் சேர்ந்தோம். சின்ன ஓட்டல், மூன்று கட்டில், வீதிப்பக்கம் ஒரு பல்கனி. அடுத்த நாள் காலை எழும்பியதும், பழக்கதோசத்தில் மூன்று பேரும் மூன்று கட்டிலையும் விரித்து, குளியலறையையும் துடைத்துவிட்டோம். அறை துப்புரவாக்க வந்த பெண் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அன்றைக்கே பயேயா சாப்பிடவேண்டும் என்று எனக்கு அவசரம். ஆனால் கீழ்வீட்டுக்காரி விடவில்லை. புரட்டாதிச் சனி. அவளுக்கு விரதம். அவளை வைத்துக்கொண்டு இறாலும் மட்டியும் தின்ன எங்களுக்கும் மனம் வரவில்லை. சரி, ஞாயிறு என்று வைத்தோம். அதோடும் முடியவில்லை. சனி விரதக்காரி காகத்துக்குச் சோறு வைத்து, காகம் எடுத்த பிறகுதான் வாயில் ஏதும் வைக்கலாம். பலெர்மோவில் இருந்தே ஒரு சின்னப் பெட்டியில் எள்ளுச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மத்தியானம் பல்கனிச் சுவரில் அதை வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டாள். கீழே போனவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காகம் இல்லை. புறாக்கள்தான் வந்தன.

"சூய்! போ அங்காலை!" அவள் துவாயால் விரட்டினாள்.

"விடனடி பிள்ளை, உயிர்தானே," என்றேன்.

"அக்கா, சனீஸ்வரன் புறாவிலையோ வாறவர்?"

"ஸ்பெயினிலை புறாவிலைதான் வாறாரோ, ஆருக்குத் தெரியும்?"

முக்கால் மணித்தியாலம் நின்றோம். என் வயிறு இரைந்தது. கடைசியில் மொரீசியஸ்காரி ஒரு வழி சொன்னாள்: "கறுப்புப் புறா வந்தால் சரிதானே?" கீழ்வீட்டுக்காரி யோசித்தாள். அவளுக்கும் பசி. கறுப்பாக ஒன்று வந்தது. கறுப்பு என்று சொல்லமுடியாது, கடும் சாம்பல் நிறம். இரண்டு வாய் கொத்தியது. அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "போவம்," என்றாள்.

அன்றைக்கு அவள் சாப்பிடக் கூடியதாக அந்த ஊரில் ஒரு நல்ல சாமான் கண்டோம். தேங்காய்ப்பால்போல வெள்ளையாக, குளிராக, இனிப்பாக ஒரு பானம். தொட்டுச் சாப்பிட நீட்டுப் பணிஸ் ரொட்டி மாதிரி ஒன்று. எதில் செய்கிறார்கள் என்று கேட்க, கடைக்காரி உள்ளே போய் ஒரு பிடி அள்ளிவந்து காட்டினாள். பார்த்தால் எங்களுடைய கோரைக்கிழங்கு மாதிரி. அரைத்துத் தலைக்கு வைப்போமே, அதன் சொந்தக்காரன்.

"தலைக்கு வைக்கிறதை இவையள் குடிக்கினம்," என்றாள் கீழ்வீட்டுக்காரி. சொல்லிவிட்டு மூன்று கிளாஸ் குடித்தாள்.

பிறகு பெரிய சந்தைக்குப் போனோம். நிறக் கண்ணாடிக் கூரையும் கோபுரமும், கோயில் என்றே நினைக்கலாம். ஆனால் உள்ளே வரிசை வரிசையாகப் பன்றித்தொடை தொங்கியது. விரதக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அந்தப் பக்கத்தைக் கடந்தாள். சந்தைக்கு முன்னால் பட்டு வியாபாரிகள் கட்டிய பழைய மண்டபம். தூண்கள் எல்லாம் கயிறு முறுக்கினதுபோல முறுகி மேலே போய், உச்சியில் பனையோலைபோல விரிந்திருந்தன. அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. கல்லை முறுக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்கும்! நல்ல வேலை எந்த வேலையாக இருந்தாலும் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தாச்சிக் கடை. வெளியே தொங்கியதெல்லாம் சின்யோராவின் தாச்சிதான். உள்ளங்கை அளவில் இருந்து, ஒரு ஆள் உள்ளே படுக்கக்கூடிய அளவுவரை. நான் மொரீசியஸ்காரியைத் தள்ளினேன்.

"அடியிலை பிடிக்காத தாச்சி இருக்கோ எண்டு கேள்."

அவள் இத்தாலியனையும் பிரெஞ்சையும் குழைத்துக் கேட்டாள். கடைக்காரர் விளங்காமல் நின்றார். நான் ஒரு தாச்சியை எடுத்து, அடியைக் காட்டி, கரண்டியால் சுரண்டுவதுபோலக் காட்டி, இது வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் சிரித்தார். இருவரும் கரண்டியால் சுரண்டுவதுபோலக் கையை ஆட்டி, விரல் நுனியை முத்தமிட்டுக் காட்டினார்கள்.

எனக்குச் சுரீர் என்றது. "வாங்கடி போவம். சுரண்டித் தின்னட்டாம். நக்கல்."

"கோவிக்காதேங்கோ அக்கா, உங்கடை புகழ் இஞ்சையும் வந்திட்டுது," என்றாள் கீழ்வீட்டுக்காரி. பாதி வழி நான் அவளோடு கதைக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் கடற்கரைப் பக்கமாகப் போனோம். ஓட்டல்காரர் கைகாட்டிய இடம் அது. ஒரு முற்றம், பத்துப் பன்னிரண்டு மேசை, எல்லாம் குடும்பங்கள். முற்றத்தின் கரையில், எல்லோருக்கும் தெரியவே, தோடைமர விறகில் சமையல். மேசையில் வந்து நின்ற பொடியன் என்னென்னவோ கேட்டான். மொரீசியஸ்காரி எல்லாவற்றுக்கும் "சீ, சீ" என்றாள். நான் எழும்பி அடுப்புப் பக்கம் போய் நின்றேன். நான் வந்ததே அதற்குத்தானே.

சமையல்காரன் தடித்த மனிதன். உதட்டில் நெருப்பில்லாத சிகரெட். எங்களுக்குரிய தாச்சியைச் சுட்டிக் காட்டினான். இறாலும் மட்டியும் நான் போடுவதுபோலத்தான். குங்குமப்பூவும் அப்படித்தான். அரிசியைப் பரப்பிவிட்டவன், அதற்குப் பிறகு தொடவில்லை. கிண்டவில்லை. தண்ணீர் விடவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், இப்போது ஏதோ செய்யப்போகிறான், அதுதான் சூட்சுமம் என்று. அவன் குனிந்து, தாச்சிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டான். சோறு உள்ளே சடசடவென்றது. ஒரு சிரிப்புச் சிரித்து, இன்னும் இரண்டு விறகைத் தள்ளிவிட்டு, எதையோ எடுக்கத் திரும்பிவிட்டான்.

அப்போது மணம் வந்தது. எனக்குத் தெரிந்த மணம். என்னை மேசைக்கு முன்னால் தலைகுனிய வைத்த அதே மணம்.

"ஐயோ, அடிப்பிடிக்குது!" என்று கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. முப்பது வருடம் அடுப்போடு நின்ற கை சும்மா இருக்குமா? கழுத்தில் இருந்த சால்வையால் கைபிடியைப் பிடித்து, தாச்சியை ஒரே இழுவையில் நெருப்பை விட்டு இழுத்துவிட்டேன். பாரம். பாதிதான் வந்தது. பாதி நெருப்பில், பாதி வெளியே.

அவன் திரும்பிப் பார்த்துப் போட்ட சத்தத்தில் உதட்டுச் சிகரெட் விழுந்தது. பாய்ந்து வந்து தாச்சியைத் திரும்பவும் தள்ளினான், காதை வைத்தான், உதட்டைப் பிதுக்கினான். என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான். நானும் விட்டுக்கொடுக்காமல் தாச்சியைக் காட்டி மூக்கைக் காட்டினேன். மொரீசியஸ்காரி ஓடிவந்து என்னைக் கையில் பிடித்து மேசைக்குக் கூட்டிப் போனாள்.

"என்னக்கா, ஊர் விட்டு ஊர் வந்து சமையல்காரனோடை சண்டையோ?" என்றாள் கீழ்வீட்டுக்காரி.

"அவன் எரிக்கிறான் பிள்ளை. நான் காப்பாத்தினனான்."

கொஞ்சநேரத்தில் அவனே தாச்சியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் வைத்தான். சாப்பாட்டுக் கோப்பைகள் தரவில்லை. கரண்டி மாத்திரம். எல்லோரும் அதற்குள்ளேயே அள்ளித் தின்னவேண்டுமாம். கீழ்வீட்டுக்காரி, "எச்சில்," என்று முணுமுணுத்து, கரண்டியால் தன் பங்குக்கு ஒரு எல்லைக்கோடு கீறிக்கொண்டாள். சமையல்காரன் போகவில்லை. ஒரு கரண்டியை எடுத்து ஒரு பக்கத்தில் அடியில் விட்டுக் கிளப்பினான். பொன்னிறமாக, மொறுமொறுவென்று, தகடுபோல எழும்பி வந்தது. மற்றப் பக்கத்தில் கிளப்பினான். வெறும் மெதுச்சோறு. பிறகு என்னைச் சுட்டிக் காட்டி முழு முற்றத்துக்கும் ஏதோ சொன்னான். முற்றம் சிரித்தது.

"என்னவாம்?"

மொரீசியஸ்காரி எனக்குச் சொல்லத் தயங்கினாள். "இந்தப் பக்கம் நல்லது. அந்தப் பக்கம் இந்தச் சின்யோரா கெடுத்தது எண்டு சொல்றான்."

நான் நம்பவில்லை. அப்போதுதான் பக்கத்து மேசையைப் பார்த்தேன். அங்கே தாச்சி முடிகிற கட்டம். வயதான ஒருவர், கழுத்தில் துவாய் செருகியபடி, இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்து அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி அவர் கையில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டி, அந்தத் துண்டைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார். நேற்று தாச்சிக் கடைக்காரர் விரல் நுனியை முத்தமிட்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்கள் தாச்சியில் அந்தத் தகட்டை ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டேன். ஏழு வருடமாக அந்த வீட்டுக் குசினியில் நின்றபடி தின்ற அதே சோறு. மிளகாய்த்தூள்தான் இல்லை.

"இதைத்தான் நான் சுரண்டித் திண்டுபோட்டு ஒளிக்கிறனான்," என்றேன்.

கீழ்வீட்டுக்காரிக்கு ஒரு நிமிடம் எடுத்தது. பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப இவ்வளவு நாளும் நல்லதை நீங்கள் திண்டிட்டு, மிச்சத்தை அவையளுக்குக் குடுத்திருக்கிறியள்! சின்யோராவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. இனியும் திண்ணலாம்."

"அக்கா சொல்லவேணும்," என்றாள் மொரீசியஸ்காரி. "பெயர் கெட்டுப்போச்சுதே."

எல்லைக்கோடு கீறியவளே முதலில் கோட்டைத் தாண்டினாள். நல்ல பக்கம் பாதிதான் இருந்தது, அதுவும் என் வினையால். மூன்று பேரும் கரண்டியால் சண்டை பிடித்தோம். மொரீசியஸ்காரி தன் கமராவால் எங்களையும் எடுத்தாள், பக்கத்து மேசைக் கிழவரைத் தாச்சியும் கரண்டியுமாக, அவரிடம் கேட்டே எடுத்தாள். பிறகு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடலில் கால் நனைத்தோம். வெயில் இதமாக இருந்தது. ஒருவருக்கும் பாத்திரம் கழுவவேண்டிய வேலை இல்லை. அப்படி ஒரு ஞாயிறு எனக்கு அதற்கு முன்னால் இருந்ததாக நினைவில்லை.

திரும்பி வரும் விமானத்தில் யோசித்தபடியே வந்தேன். சொன்னால் மானம் திரும்பி வரும், ஆனால் அடிச்சோறு மேசைக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் தாச்சி அலுமாரிக்கு மேலேயே கிடக்கும், எனக்கும் அடிச்சோறு இல்லை. கீழ்வீட்டுக்காரி அதை யோசிக்கவில்லை. ஆனால் வெறும் வாயால் சொன்னால் சின்யோரா நம்புவாரா? வேலைக்காரி சாட்டுச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

படம் கழுவி வர ஒரு கிழமை ஆனது. காலைக் கோப்பியோடு கிழவரின் படத்தைச் சின்யோராவின் முன்னால் வைத்தேன்.

"இது என்ன?"

"வலென்சியா, சின்யோரா. அவையள் அடிப்பிடிச்ச சோத்துக்குத்தான் சண்டை பிடிக்கினம். அதுக்கெண்டே அடிப்பிடிக்க விடுகினம்."

சின்யோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். கோப்பி ஆறியது.

"எங்கடை வீட்டிலை வேலைக்கு நிண்ட ஒருத்தி," என்று மெதுவாகச் சொன்னார், "குசினிக்குள்ளை கூப்பிட்டு என்ரை கையிலை ஒரு துண்டு தருவா. அம்மாவுக்குச் சொல்லாதை எண்டுவா. நான் அது பிஸ்கட் எண்டு நினைச்சிருந்தன்." பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "ஏழு வருசமும் இதை ஆர் சாப்பிட்டது?"

நான் ஒளிக்கவில்லை. "நான்தான், சின்யோரா."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்வையைத் தாழ்த்தவில்லை. அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கோப்பிக்குள் விழப் பார்த்தது. "ஏணியை எடு," என்றார். அலுமாரிக்கு மேலே இருந்து தாச்சியை நானே இறக்கினேன்.

நவம்பரில் எழுபதாம் பிறந்தநாள் வந்தது. வெளியில் இருந்து ஒன்றும் எடுக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, தாச்சிக்குக் காது கொடுத்துச் சமைத்தேன். இந்தமுறை தட்டில் வழிக்கவில்லை. தாச்சியோடு மேசைக்குக் கொண்டுபோனேன். சின்யோராவின் மச்சாள் மூக்கைச் சுருக்க முதலே சின்யோரா கரண்டியை அடியில் விட்டு ஒரு தகட்டைக் கிளப்பி, அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். "வலென்சியாவிலை இதுக்குத்தான் சண்டை பிடிப்பினம்," என்றார். நான் குசினிக்குப் போய் கதவை முழுதாகச் சாத்தாமல் நின்றேன். முதலில் சத்தம் இல்லை. பிறகு ஒரு கரண்டி சுரண்டியது. பிறகு இன்னொன்று. பிறகு மச்சாளின் குரல்: "அந்தக் கரை என்ரை!"

எனக்கு அன்று அடிச்சோறு கிடைக்கவில்லை. பரவாயில்லை. ஞாயிறு வரட்டும், என் சின்னத் தாச்சியில் மூன்று பேருக்கு வைத்து, மிளகாய்த்தூளும் போட்டுத் தின்போம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே செய்தோம்.

தாச்சி குசினிக்குத் திரும்பி வந்தபோது அதில் ஒரு பருக்கை இல்லை. ஏழு வருடத்தில் முதல்தடவையாக, அதை ஊறப் போடாமலே கழுவினேன்.